ஏர் ஃபில்டரை மாற்றினால் குதிரைத்திறன் கூடுமா? கொத்தனார் குழாயை வைத்து நீங்களே அளக்கலாம்

பெட்டியின் மேல் "திறன் கூடும்" என்று அச்சிட்ட பருத்தித் துணி ஏர் ஃபில்டருக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். இப்போது காரில் இருக்கும் ஃபில்டர் எஞ்சினின் மூச்சை எவ்வளவு பிடிக்கிறது? அது பிடித்துவைத்திருப்பதைவிட அதிகமாக எந்த ஃபில்டராலும் திருப்பித் தர முடியாது. அந்த அளவை வீட்டிலேயே எடுத்துவிடலாம். டர்போ இல்லாத பெட்ரோல் கார்களுக்கான முறை இது.

படி 1: புதிய காகித ஃபில்டர் ஒன்று வாங்குங்கள்

சில நூறு ரூபாய்தான் ஆகும். இதைத் தவிர்த்தால் சோதனை முழுவதும் பொய்யாகிவிடும். இரண்டு ஆண்டுத் தூசியைச் சுமந்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு எந்தப் புது ஃபில்டரைப் போட்டாலும் கார் சுறுசுறுப்பாகத்தான் ஓடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அடைத்துப்போன ஃபில்டரையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோல் செலுத்தும் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வேகம் பிடிக்கும் நேரம்தான் மாறியது.

இதற்குக் காரணம் உண்டு. சாதாரணமாக ஓட்டும்போது காற்றை மறித்து நிற்பது, ஆக்சிலரேட்டரை அழுத்தும் அளவுக்குத் திறக்கும் த்ரோட்டில் தகடு. ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால், உங்கள் கால் தானாகவே கூடுதலாக அழுத்தி அதைச் சரிக்கட்டிவிடும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, எஞ்சின் உச்சச் சுழற்சியை நெருங்கும்போதுதான் ஃபில்டரின் தடை திறனில் தெரியும். ஆகவே அளக்க வேண்டியதும் அந்த நிலையில்தான்.

படி 2: தண்ணீர்க் குழாய்

கொத்தனார் சுவர் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை நினைவிருக்கிறதா? இரண்டு முனையிலும் காற்றழுத்தம் சமமாக இருந்தால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அழுத்தம் வேறுபட்டால் ஒரு பக்கம் ஏறும். நமக்குத் தேவையான கருவி இதுவேதான்.

மெல்லிய குழாய் ஆறு மீட்டர் வாங்குங்கள். நடுப்பகுதியை ஒரு மீட்டர் உயரப் பலகையில் 'U' வடிவில் வளைத்துக் கட்டி, ஒவ்வொரு காலிலும் பாதி உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை ஒட்டுங்கள். காலின் உயரத்தில் சிக்கனம் வேண்டாம்; குட்டையாக இருந்தால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிடும் அபாயம் உண்டு.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் காரிலிருந்து முழுவதும் கழற்றி, ஃபில்டருக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு சிறு துளைகள் போடுங்கள். பிளாஸ்டிக் துருவல் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. குழாயின் இரு முனைகளையும் துளைகளில் இறுக்கமாகச் செருகுங்கள். ஒரு முனையை மட்டும் செருகி மறுமுனையை வெளிக்காற்றில் விட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று மட்டுமே தண்ணீரை ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் தள்ளக்கூடும். நாம் தேடும் வேறுபாடே அந்த அளவில்தான் இருக்கும்.

பலகை காருக்குள் இருக்கட்டும். குழாய் சூடான பாகங்களையும் விசிறியையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், இரண்டாவது கியரில், வேக வரம்புக்குள் முழு அழுத்தம் கொடுத்து ஓட்டுங்கள். பலகையைப் படம்பிடிக்கும் வேலை பக்கத்தில் இருப்பவருடையது. ஓட்டுபவர் சாலையை மட்டுமே பார்க்க வேண்டும். காகித ஃபில்டருடன் மூன்று முறை, வாங்க நினைக்கும் ஃபில்டருடன் (நண்பரிடம் இரவல் வாங்கலாம்) மூன்று முறை, மறுபடியும் காகித ஃபில்டருடன் மூன்று முறை. கடைசிச் சுற்றின் அளவு முதல் சுற்றோடு ஒத்துவராவிட்டால் எங்கோ காற்று கசிகிறது.

படி 3: கணக்கு

வளிமண்டல அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். ஆக இரு கால்களின் மட்டத்துக்கும் இடையே 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஃபில்டர் பறிப்பது எஞ்சின் திறனில் ஏறத்தாழ ஒரு சதவீதம். 83 குதிரைத்திறன் கொண்ட 1.2 லிட்டர் எஞ்சினில், ஃபில்டரையே தூக்கி எறிந்தாலும் கிடைப்பது 0.8 குதிரைத்திறன்! புதிய ஃபில்டர் 10 சென்டிமீட்டரை 6 ஆகக் குறைத்தால் லாபம் 0.3.

டைனோவில் (காரின் திறனை அளக்கும் இயந்திரம்) அதே காரை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலே விடை ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் 0.3 ஒளிந்துகொள்ளும். எனவே தண்ணீர்க் குழாய் பெரிய வித்தியாசத்தைக் காட்டினால் மட்டும் டைனோவுக்குச் செலவழியுங்கள். ஒரே நாள், ஒரே டயர் காற்று, ஒரே எஞ்சின் சூடு, அதே காகிதம், புதியது, காகிதம் என்ற வரிசை. விளம்பரத்தில் வரும் ஒற்றை வரைபடத்தை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

படி 4: காற்றின் வெப்பம்

பெட்டியையே எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி பொருத்துபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (கார்க் கணினியின் தகவல்களைப் படிக்கும் இணைப்பு) ப்ளூடூத் கருவியைச் செருகினால், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியில் படிக்கலாம். அது 35 டிகிரியிலிருந்து 45க்கு ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. பானெட்டுக்குள் சுடும் காற்றை இழுக்கும் ஃபில்டர், தந்ததைவிட அதிகமாகப் பறித்துக்கொள்ளும். உறுமல் சத்தம் கூடுவதால் கார் வேகமாகப் போவதுபோல் காதுக்குத் தோன்றும்; கைப்பேசி காட்டும் அளவை நம்புங்கள்.

படி 5: தூசி

சோதனை முடிந்ததும் துளைகளை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். புதிய ஃபில்டரையே வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள குழாயின் உட்சுவரில் கிரீஸை மிக மெல்லியதாக ஒரு விரல் தடவி வையுங்கள். காற்றோட்ட சென்சார் இருந்தால் அதற்குப் பின்னால், எஞ்சின் பக்கமாகத் தடவுங்கள். சென்சாரில் எதுவும் படக் கூடாது. இதே காரணத்தால், எண்ணெய் தடவும் வகை ஃபில்டருக்குக் கழுவியபின் எண்ணெயை அளவோடுதான் தடவ வேண்டும். இரண்டு வாரம் ஓட்டியபின் அந்தக் கிரீஸை விரலில் வழித்து, இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டுப்பட்டால், ஃபில்டர் தூசியை உள்ளே விடுகிறது என்று பொருள்; அன்றைக்கே காகித ஃபில்டரைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.