ஒயில் மாத்த வெளிக்கிட்டு அரை நாள் போச்சு: வீட்டில மோட்டச்சைக்கிள் கழட்டிறாக்களுக்கு

முதல்லயே சொல்லிப்போடுறன், ஒயில் மாத்திறது அரை மணித்தியால வேலை எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. அது நட்டு மரியாதையாக் கழண்டால் மட்டும்தான். என்னட்ட நிக்கிறது அப்பாவின்ரை பழைய ஹொண்டா எம்டி நைன்ரி மோட்டச்சைக்கிள், தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில ஓடின சைக்கிள், சூப்பிப் போத்தலால ரெண்டு துளி பெற்றோல் அடிச்சுத்தான் உதைக்கிறது எண்டு அப்பா இண்டைக்கும் சொல்லுவார். 2020இல இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு பழசுக்கெல்லாம் விலை ஏறி, வித்தால் பேந்து ஒண்டு வாங்கேலாது எண்டதாலதான் இதை நானே பாக்கத் துவங்கினன்.

இந்தச் சைக்கிளில எனக்கு வந்த முக்கால்வாசிக் கோவம் எஞ்சினால இல்லை, இறுகின ஸ்குறூவால. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால தீவுப் பக்கம் ஓடி வாறாக்களுக்குத் தெரியும், சோளகத்தில, அதுதான் தென்மேல் காத்துக் காலத்தில, உப்புக் காத்து அடிச்சு நட்டெல்லாம் ஒட்டிப் பிடிச்சிடும். அதோட யப்பான் சைக்கிளில இருக்கிற, தலையில சிலுவை மாதிரி வெட்டின ஸ்குறூ நாங்கள் கடையில வாங்கிற பிலிப்ஸ் ஸ்குறூட்றைவருக்குச் சரியாப் பொருந்தாது. பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அடி மட்டும் இறங்காது, பலமாத் திருப்பினால் துள்ளி வெளியில வந்து ஸ்குறூத் தலையை வழிச்சுப்போடும். யப்பான் அளவு எண்டால் சில ஸ்குறூத் தலையில ஒரு சின்னப் புள்ளி இருக்கும், பாருங்கோ. அதுக்கு ஜேஐஎஸ் முனை, அதாவது யப்பான் தர அளவு முனை, எண்டு கேட்டு ஒண்டு வாங்கி வையுங்கோ, மற்றச் சாமான் எல்லாத்தையும் விட அதுதான் காசுக்குப் பெறுமதி.

எனக்கு இது விளங்கினது கிளச் கவரில மூண்டு தலை வழிச்ச பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை காலமை, அம்மா "கோயிலுக்கு வாறியோ இல்லையோ" எண்டு ரெண்டு தரம் கேட்டிட்டா, நான் முத்தத்தில மாமரத்தடியில குந்தியிருந்து பல்லைக் கடிச்சுக்கொண்டு திருப்பிறன், ஸ்குறூ அசையேல்லை, தலைதான் மாவா வருது. பக்கத்து வீட்டு அண்ணை மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து "தம்பி, திருப்பாதை, அடி" எண்டார். அதுதான் சரியான வழி. முதல்ல துரு இளக்கிற எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கோ, அடுத்த நாள் முனையை ஸ்குறூவில நேரா வைச்சு பின்னால சுத்தியலால நாலஞ்சு தட்டுத் தட்டுங்கோ, அந்த அதிர்விலயே பிடி விடும், பேந்து உங்கடை பாரத்தை எல்லாம் முனையில போட்டு அமத்திக்கொண்டு மெதுவாத் திருப்புங்கோ. அடிக்க அடிக்கத் தானே திரும்பிற இம்பக்ட் ட்றைவர் இரவல் கிடைச்சால் இன்னும் சுகம். தலை முழுக்கப் போட்டுது எண்டால் வெட்டிரும்பால குறுக்க ஒரு கோடு போட்டு தட்டை முனையால கழட்டலாம், அல்லது விளிம்பில குறி உளியை வைச்சு இடப்பக்கம் சுத்த அடிக்கலாம். நான் ரெண்டை அப்பிடித்தான் எடுத்தன், மூண்டாவதைத் துளைக்க வேண்டி வந்திட்டுது.

ஒயில் வடிக்கிற நட்டுக்கு வேறை சிக்கல். எஞ்சினுக்கு அடியில இருக்கிறதால ஸ்பனரை மேல இருந்து பிடிக்கேக்கை எந்தப் பக்கம் கழருது எண்டு மூளை குழம்பும், கழட்டிறன் எண்டு நினைச்சு இறுக்கிறாக்கள் கனபேர். நிலத்தில படுத்து நட்டின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாத் திருப்புங்கோ. எஞ்சினை ரெண்டு மூண்டு நிமிசம் ஓடவிட்டு ஒயில் இளஞ்சூடாய் இருக்கேக்கை கழட்டினால் கசடும் சேர்ந்து வரும். திருப்பிப் பூட்டேக்கை கட்டாயம் விரலாலயே முதல் நாலஞ்சு சுத்தும் போகோணும், ஏனெண்டால் நட்டு இரும்பு, எஞ்சின் உடம்பு அலுமினியம், கோணலா ஏத்தினால் உடம்பில புரிதான் போகும். வாசரைப் புதுசாப் போடுங்கோ. ஒயில் போத்தலில ஜேஏஎஸ்ஓ எம்ஏ எண்டு, மோட்டச்சைக்கிள் ஒயிலுக்கான யப்பான் தரக் குறி, இருக்கோணும், காருக்கு விடுறதை விட்டால் கிளச் வழுக்கப் பாக்கும்.

பழைய ஒயிலை வேலியடியில ஊத்தாதேங்கோ. எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல்லு, ஊத்திறது இறங்கிக் கிணத்துக்குத்தான் போகும், சுன்னாகப் பக்கம் கிணறுகளில ஒயில் கலந்து சனம் பட்ட பாடு தெரியும்தானே. பழைய பிளாஸ்ரிக் கான் ஒண்டில சேத்து கராச்சில குடுங்கோ.

செயின் கழட்டுறதெண்டால் கீழ ஒரு பழைய பெட்சீற் விரியுங்கோ. செயினைப் பூட்டி வைச்சிருக்கிற அந்தச் சின்னக் கிளிப் இருக்கே, நெம்பினவுடனை துள்ளிப் பறந்திடும், மண்ணுக்குள்ள போனால் பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தை ஒரு சொப்பிங் பையில சுத்தி மண்ணில இழுத்துத் தேடுங்கோ, எனக்கு அப்பிடித்தான் கிடைச்சுது, கோழி கொத்தமுதல். திரும்பப் பூட்டேக்கை கிளிப்பின்ரை மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாக்கோணும். செயின் தொய்வு கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர், சில்லைச் சுத்திச் சுத்தி ஆக இறுக்கமான இடத்தில அளவுங்கோ. செயினை இறுக்கச் சில்லு பின்னுக்குப் போகும், அப்ப பின் பிறேக் கம்பியும் இழுபட்டு பிறேக் பிடிச்சபடி நிக்கும். கன பேர் இதை மறந்துபோய் ஓடி, பிறேக் டிறம் சூடாகி மணக்கத்தான் யோசிப்பினம். கம்பி நட்டைத் தளத்தி, சில்லைக் கையால சுத்திப் பாத்திட்டு எடுங்கோ.

கடைசியா ஒயில் அளவு. எஞ்சினை ரெண்டு நிமிசம் ஓடவிட்டு நிப்பாட்டி, சைக்கிளை நேரா நிறுத்தி, ஒயில் அளவுக் கம்பியைப் புரி ஏத்தாமல் சும்மா வைச்சுப் பாருங்கோ. இரவைக்கு அடியில ஒரு காட்போட் துண்டு போட்டு விடுங்கோ. காலமை சொட்டுக் கிடந்தால் நட்டை இன்னும் இறுக்கப் போகாதேங்கோ, வாசரைத்தான் மாத்திறது.