எண்ணை மாற்றினால் அடுத்தவர் சான்றிதழ்: அரசு இணையதளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்வேர்டை 123456 என்று வைக்காதே என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். அரசுத் தளங்களைக் கட்டப் புதிதாக வரும் பிள்ளைகள் நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஓடிபி இருக்கே சார்

போன மாதம் ஒரு பையன் தான் செய்த சான்றிதழ் தளத்தைக் காட்டினான். லாகின் செய்து ஒரு வருமானச் சான்றிதழைத் திறந்தேன். பிரவுசரில் இருந்த இணைய முகவரியின் கடைசியில் 4471. அதை 4472 ஆக்கி என்டர் தட்டியதும் யாரோ ஒரு அம்மாவின் பெயர், கதவு எண், ஆண்டு வருமானம் எல்லாம் பிடிஎஃப்பாக இறங்கியது. (சோதனைத் தளத்தில் உண்மையான விண்ணப்பங்களை ஏற்றி வைத்திருந்தது தனிக் கூத்து.)

"ஓடிபி இருக்கே சார்" என்றான். 12 வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். வந்திருப்பவர் யார் என்பதைத்தான் ஓடிபி சொல்லும். அவர் கேட்கும் காகிதம் அவருடையதா என்று சொல்லாது. தாலுகா ஆபீஸில் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டு, பீரோவைத் திறந்து எந்தக் கோப்பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்போமா?

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2018-ல் இது பெரிய செய்தியானது. அரசின் தகவல் அறியும் தளத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் எண்ணை மாற்றி மாற்றி சுமார் 7,000 ஆவணங்களை இறக்கிவிட்டான். போலீஸ் அவன் வீட்டுக்கே போனது. பிறகு வழக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பூட்டாமல் விட்டது யார்?

நம் பையன் பிறகு செய்துகொண்டு வந்த திருத்தம்தான் இன்னும் எரிச்சல். எண்ணை பேஸ் 64-ல், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த வேறொரு வடிவத்தில், மாற்றிப் போட்டிருந்தான். அது பூட்டே இல்லை, ஒரு நொடியில் யாரும் பிரிக்கலாம். சரி, நீளமான தற்செயல் எண்ணாக வைத்தால்? கண்டுபிடிப்பது கஷ்டம்தான், ஆனால் லிங்க் வாட்ஸ்அப்பில் போய்விட்டால் கதை முடிந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் பக்கத்திலேயே, இந்த விண்ணப்பம் இப்போது லாகின் செய்திருப்பவருடையதா என்று பார்க்க வேண்டும். பயனர் எண்ணை செஷனிலிருந்து (லாகின் செய்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பு) எடுங்கள், முகவரியிலிருந்து எடுக்காதீர்கள். சோதிக்க இரண்டு கணக்கு போதும்: ஒன்றில் கிடைத்த லிங்கை மற்றொன்றில் ஒட்டிப் பாருங்கள்.

பாதுகாப்புத் தணிக்கை முடிந்தாச்சு

முடிந்தது அன்று பார்த்த புரோகிராம் கோடுக்கு மட்டும். அப்புறம் சேர்த்த பக்கத்துக்கு அந்தத் தணிக்கைச் சான்றிதழ் பேசாது.

நாலு பேருக்கு ஒரே அட்மின் கணக்கு

வேண்டாம்.

லாக்

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி லாகை, அதாவது சர்வரில் எப்போது என்ன நடந்தது என்ற பதிவை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். சர்வர் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒரு துறையில் அவசரமாகக் கூப்பிட்டுப் போனபோது 9 நாள் லாக்தான் இருந்தது. டிஸ்க் நிறைந்தால் பழையது தானாக அழியும்படி யாரோ வைத்திருந்தார்கள். மிஞ்சியதிலும் இரண்டு சர்வருக்கும் 11 நிமிட வித்தியாசம். இரண்டையும் எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வரிக்கு வரி 11 நிமிடம் கூட்டிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.