டயப்பர் அணியும் பெரியவர்களின் தோலைக் காப்பது எப்படி?

பக்கவாதத்தாலோ மறதிநோயாலோ இடுப்பெலும்பு முறிவாலோ படுக்கையோடு இருக்கும் ஒரு பெரியவர் ‘பின்பக்கம் காந்துகிறது’ என்று சொன்னவுடன், பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் சொல் ‘படுக்கைப்புண்’ என்பதுதான். உடனே காற்று மெத்தை வாங்கப்படும். டெட்டால் கலந்த வெந்நீரால் துடைக்கப்படும். அதன்மேல் பவுடர் தாராளமாகத் தூவப்படும். காந்தல் மட்டும் குறையாது. காரணம், அங்கே தோலைக் கெடுத்தது பல வேளைகளில் படுக்கையின் அழுத்தமாக இருப்பதில்லை. சிறுநீரும் மலமும் தோலில் தங்கிய நேரமே அதைக் கெடுத்திருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் செய்யும் பராமரிப்பு எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும் பாதி வீண்தான்.

தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருக்கும். கிருமிகள் பெருகாமல் தடுப்பதில் இந்த அமிலத்தன்மைக்குப் பெரும் பங்கு உண்டு. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகி, தோல் காரத்தன்மைக்கு மாறுகிறது. அந்தக் கார நிலையில், மலத்தோடு வெளிவரும் செரிமான நொதிகள், அதாவது உணவிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பதற்கென்றே உடலில் சுரக்கும் பொருள்கள், கூடுதல் வீரியம் பெற்று, ஏற்கெனவே ஊறி மெலிந்திருக்கும் தோலையே கரைக்கத் தொடங்குகின்றன. எனவேதான் சிறுநீர் மட்டும் கசிபவரைவிட இரண்டும் சேர்ந்து கசிபவருக்கும், கெட்டியாக மலம் போகிறவரைவிட வயிற்றுப்போக்கு உள்ளவருக்கும் தோல் மிக விரைவாகக் கெடுகிறது. மலம் கலந்த டயப்பரை ‘அடுத்த முறை மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

அடையாளம் காண்பது

ஈரத்தால் வரும் பாதிப்பு பிட்டம், தொடை இடுக்கு, உள்தொடை, பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் எல்லை தெளிவில்லாமல் பரந்து காணப்படும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆழமாகப் போகாமல் மேல்தோல் உரிந்தது போலத் தெரியும். படுக்கைப்புண் அப்படியன்று. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் போன்று எலும்பு புடைத்திருக்கும் இடங்களில், தெளிவான விளிம்போடு, நாளடைவில் குழியாக ஆழப்படும். ஈரத்தில் ஊறிய தோல் அழுத்தத்துக்கும் எளிதில் ஆளாகும் என்பதால் இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தும் வரலாம். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் வழக்கத்தை எந்த நிலையிலும் கைவிட வேண்டாம்.

நம்மவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. மருத்துவக் கையேடுகள் பலவும் ‘தோல் சிவந்திருக்கும்’ என்றே எழுதுகின்றன. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ, ஊதா சாயலிலோ, பளபளப்பாகவோ தெரியலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். துடைக்கும்போது பெரியவர் முகம் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள். பேச முடியாத நோயாளியிடம் அந்த முகச்சுளிப்பே முதல் அறிகுறி.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தின் முன்முயற்சியில் உருவான குளோபியாட் என்ற வகைப்பாடு இந்தப் பாதிப்பை எளிமையாகப் பிரிக்கிறது: தோல் முழுதாக இருந்து நிறம் மட்டும் மாறியிருப்பது முதல் நிலை, தோல் உரிந்துவிட்டது இரண்டாம் நிலை, ஒவ்வொன்றிலும் கிருமித்தொற்று சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பது அடுத்த கேள்வி. வீட்டில் பார்த்துக்கொள்பவரும் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டு கேள்விகளையே கேட்டுக்கொண்டால் போதும்.

சுத்தம் செய்யும் முறை

டயப்பரைத் திறப்பதற்கு முன் கதவைச் சாத்துங்கள்; ‘அப்பா, மாத்தப்போறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. மகன் முன்னும் மருமகள் முன்னும் உடுப்பைக் களைய வேண்டியிருப்பதால் கூசிப்போகும் பெரியவர்கள், நனைந்ததைச் சொல்லாமல் மறைக்கிறார்கள். நனையக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே நேராகத் தோலில்தான் வந்து விடிகின்றன.

கைகளைச் சோப்பால் கழுவி, கையுறை அணிந்து, முதலில் மலத்தை மென்மையான துணியாலோ டிஷ்யூவாலோ வழித்து எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு குவளையிலிருந்தோ மூடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்தோ மெல்ல ஊற்றி, படிந்திருப்பது தானாக இளகி வரும்படி செய்யுங்கள். பெண்களுக்கு எப்போதும் முன்புறத்திலிருந்து பின்புறம் நோக்கியே துடைக்க வேண்டும். திசை மாறினால் மலக்கிருமிகள் சிறுநீர்ப்பாதைக்குள் போய்விடும். ஆண்களுக்கு விதைப்பையைத் தூக்கி, அதன் அடியிலுள்ள மடிப்பையும் பார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போகும் இடம் பெரும்பாலும் அதுவே. குளியல் சோப்புகளில் பெரும்பான்மையானவை காரத்தன்மை உடையவை என்பதால், ஒரு நாளைக்குப் பல முறை சுத்தம் செய்யும் இடத்துக்கு அவை உகந்தவையல்ல. தோலுக்கு ஏற்ற பிஹெச் அளவு கொண்ட, நறுமணமில்லாத திரவச் சுத்திகரிப்பானோ, அது கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரோ போதுமானது. ஈரத் துடைப்பான் பயன்படுத்தினால் ஆல்கஹாலும் வாசனையும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

துடைத்து உலர்த்துவதற்கு, பல முறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்வதைவிடச் சிறந்த துணி எனக்குத் தெரிந்தவரை இல்லை. சொரசொரப்பான துண்டு வேண்டாம். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள்; தொடை இடுக்கிலும் வயிற்று மடிப்பிலும் துணியைச் சில நொடிகள் வைத்து எடுங்கள். முடிந்தால் பத்து நிமிடம் அண்டர்பேட் (படுக்கையில் விரிக்கும், ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு) மேல் டயப்பரில்லாமல் காற்றுப்பட விடுங்கள். ரப்பர் விரிப்பு மெத்தையைக் காக்கும், தோலைக் காக்காது. அதன்மேல் பருத்தி விரிப்பு இல்லாமல் யாரையும் படுக்கவைக்கக் கூடாது.

உலர்ந்த தோல்மேல் ஒரு தடுப்புப் பூச்சு கட்டாயம் வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லி, துத்தநாக ஆக்சைடு, டைமெத்திக்கோன் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று இருக்கும் கிரீம் அல்லது களிம்பு போதும். குழந்தைகளின் டயப்பர் தடிப்புக்கென விற்கும் துத்தநாகக் களிம்பையே பெரியவர்களுக்கும் பூசலாம். பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகப் பூசுங்கள், ஏனெனில் அப்பிவிட்டால் அது டயப்பரின் உறிஞ்சும் பரப்பில் ஒட்டி, டயப்பர் சிறுநீரை உறிஞ்சாமல் செய்துவிடும். துத்தநாகக் களிம்பைப் பொறுத்தவரை பலரும் செய்யும் தவறு, ஒவ்வொரு முறையும் வெள்ளைப் படலம் முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது. அதில் எரிச்சல் கூடும். மேலே படிந்த அழுக்கை மட்டும் நீக்கி, களிம்பு குறைந்துபோன இடத்தில் மட்டும் மீண்டும் பூசினால் போதும். முழுவதும் எடுத்தே ஆக வேண்டுமானால் சிறிது எண்ணெயைத் தொட்டு இளக்கி எடுங்கள். தேங்காய் எண்ணெய் காயமில்லாத வறண்ட தோலுக்கு ஈரப்பதம் தரும் என்பது உண்மை. ஆனால் சிறுநீரையும் மலத்தையும் தடுத்து நிறுத்த அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

பவுடர் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் அது உருண்டு திரண்டு மடிப்புகளில் தங்கி, நடக்கும்போதும் புரளும்போதும் மணல்போல் உரசும். டெட்டால், சாவ்லான் போன்ற கிருமிநாசினிகளும், மஞ்சள் குழைத்துப் பூசுவதும், கொதிக்கக் கொதிக்கச் சுடுநீரும் இதே பட்டியலில் அடங்கும்.

டயப்பர் பற்றிச் சில சொற்கள்

இடுப்புச் சுற்றளவை அளந்து, உறையில் அச்சிட்டிருக்கும் அளவோடு பொருத்தி வாங்குங்கள். பெரிய அளவு வாங்கினால் கூடுதலாக உறிஞ்சும் என்பது தவறான கணக்கு, தளர்ந்த ஓரம் வழியாகக் கசிவுதான் கூடும். எழுந்து நடப்பவருக்கு உள்ளாடை போல அணியும் வகை வசதி. படுக்கையில் இருப்பவருக்கு இருபுறமும் ஒட்டும் வகையே ஏற்றது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள். விலை அதிகம் என்பதற்காக ‘நிரம்பிய பிறகு மாற்றலாம்’ என்று காத்திருக்கும் குடும்பங்களின் நெருக்கடி புரிகிறது. அப்படிப்பட்டவர்கள் பகலில் அண்டர்பேடும் பழைய பருத்தித் துணியுமாகச் சமாளித்து, இரவுக்கு மட்டும் டயப்பரைப் பயன்படுத்துவது தோலுக்கும் கைப்பணத்துக்கும் நல்லது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் கட்டுவது சூட்டையும் வியர்வையையும் பெருக்கும் வேலை. சென்னை வெயிலில் அதன் விளைவைச் சொல்லவே வேண்டாம்.

கசிவையே குறைக்க முடியுமா?

பல வேளைகளில் முடியும் என்பதால், டயப்பரைக் கட்டிவிட்டு அந்தக் கேள்வியை மறந்துவிடக் கூடாது. சிறுநீர்ப்பாதைத் தொற்று, கட்டுப்படாத சர்க்கரை, மலச்சிக்கல், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை ஆகிய ஒவ்வொன்றும் கசிவைத் தூண்டலாம் என்பதால் மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரையைக் கொடுக்கும் வேளையை மாற்றலாமா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் போக இயலும் பெரியவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அவர் கேட்பதற்கு முன்பே, அழைத்துச் செல்லுங்கள். முடியாதவருக்குக் கமோடு நாற்காலி, பெட்பேன், ஆண்களுக்கு யூரினல் உண்டு. தண்ணீரைக் குறைப்பது தீர்வன்று. சிறுநீர் அடர்ந்து, எரிச்சலும் மலச்சிக்கலும் கூடும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் நிற்க வேண்டும்.

நாள்கணக்கில் மலம் கழிக்காதவருக்குத் திடீரெனத் தண்ணீராகக் கசிந்தால் அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் வழிவதாக இருக்கலாம். அப்போது அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கும். அதுபோலவே, மாற்றும் சிரமத்துக்காக மட்டும் சிறுநீர்க் குழாய் பொருத்தச் சொல்வதும் சரியன்று. நாள்பட்ட குழாய் கிருமித்தொற்றுக்கு வழிதிறக்கும். ஆண்களுக்கு வெளியே உறைபோல் பொருத்தும் ஆணுறை வடிகுழாயைப் பற்றிச் செவிலியரிடம் கேட்கலாம்.

தோல் ஏற்கெனவே கெட்டிருந்தால்

நிறம் மட்டும் மாறியிருந்தால், மேலே சொன்ன முறையை ஒருநாளும் தவறாமல் கடைப்பிடியுங்கள். சில நாள்களிலேயே காந்தல் தணியத் தொடங்க வேண்டும். தோல் உரிந்து கசியத் தொடங்கினால், களிம்பு ஒட்டாமல் வழுக்கும். எந்தப் பூச்சு ஏற்றது என்பதை மருத்துவரோ செவிலியரோ பார்த்துச் சொல்லட்டும்.

மடிப்புகளில் தோல் அடர்ந்த நிறத்தில் பளபளத்து, அதன் ஓரத்தைத் தாண்டிச் சிறு சிறு பருக்கள் தெறித்தாற்போல் சிதறிக் கிடந்து, அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோயாளிகளுக்கும், அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கும் இது எளிதில் வரும். கிளோட்ரிமசோல் 1 சதவீதக் கிரீம் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். அதை முதலில் மெல்லியதாகப் பூசி, அது தோலில் இறங்கிய பிறகே தடுப்புப் பூச்சைப் பூச வேண்டும். தடிப்பு மறைந்தவுடன் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை பூசுங்கள். மருந்துக் கடையில் ‘எல்லாத்துக்கும் கேட்கும்’ என்று கொடுக்கும் கலவைக் கிரீம்களில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருப்பது வழக்கம். இரண்டு நாளில் அரிப்பை அடக்கிக் காட்டும் அது, மூடிய டயப்பருக்குள் தோலை மெலியவைத்துப் பூஞ்சையை உள்ளே பரப்பும். இதைப் பற்றிக் கடைக்காரரோடு வாதிட வேண்டியதில்லை, வாங்காமல் வந்தால் போதும்.

மூன்று நான்கு நாள் சரியாகப் பார்த்தும் குணம் தெரியாவிட்டால், அல்லது சீழ், துர்நாற்றம், கொப்புளம், காய்ச்சல் இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். விதைப்பையிலோ பிறப்புறுப்பைச் சுற்றியோ கடும் வலியோடு வீக்கம் விரைவாகப் பரவி, தோல் கருத்துப்போவது உயிருக்கு ஆபத்தான தொற்று. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அவசரமில்லாத, ஆனால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலாத நிலையில், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் செவிலியரைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர் வரும்போது டயப்பர் மாற்றுவதை ஒருமுறை அவர் முன்னிலையிலேயே செய்துகாட்டித் திருத்தம் கேட்பது நல்லது.

ஆறிய இடம் சில மாதம் வரை சுற்றுப்புறத்தைவிட வெளிறியோ கருத்தோ இருக்கும். அது நோயன்று, ஆனால் அந்தப் புதுத்தோல் மெல்லியது, எளிதில் மீண்டும் உரியும். ஆகவே புண் ஆறிவிட்டது என்று தடுப்புப் பூச்சை நிறுத்தாமல், கசிவு இருக்கும்வரை அதை அன்றாடக் குளியல்போலத் தொடருங்கள்.