டர்போ ஆயில் ஃபீட் லைன்: சைஸைக் கண்டுபிடிப்பது எப்படி

"இந்த டர்போவுக்கு எந்த சைஸ் ஆயில் லைன் போடணும்?" என்று கேட்பவர்களிடம், "எந்த இடத்து சைஸைக் கேட்கிறீங்க?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஃபீட் லைனுக்கு, அதாவது இன்ஜினிலிருந்து டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்க்கு, ஒரே சைஸ் என்று எதுவும் கிடையாது. இன்ஜின் பக்கத்து மரை ஒன்று, டர்போ பக்கத்து மரை ஒன்று, எண்ணெய் போகும் வழியிலேயே ஆகக் குறுகலான துளை ஒன்று. மரை தப்பினால் லைன் ஏறாது, ஏறினாலும் ஒழுகும், உடனே தெரிந்துவிடும். துளை தப்பினால் எல்லாம் ஒழுங்காக மாட்டும், ஒரு சொட்டு கசியாது, டர்போ மட்டும் போய்விடும். டர்போ பிரிப்பதே என் தொழில் என்பதால், அப்படிப் போனவை நிறைய என் மேஜைக்கு வருகின்றன.

வெர்னியர், மெட்ரிக்கும் இஞ்சும் அளக்கும் மரை கேஜ், சின்ன டிரில் பிட் செட். இவை இருந்தால் போதும். ஹோஸின் வெளிப்பக்கத்தை அளந்து சைஸ் சொல்லாதீர்கள். மேலே பின்னிய கம்பி வலையின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நட்டுக்கு எந்த ஸ்பேனர் பிடிக்கிறது என்பதையும் நம்ப வேண்டாம்.

முதலில் பழைய லைனின் இரண்டு முனைகளும் எப்படி எண்ணெயை அடைக்கின்றன என்று பாருங்கள். நடுவில் ஓட்டையுள்ள போல்ட், வளையம், இரு பக்கமும் காப்பர் வாஷர் என்றால் அது பேஞ்சோ. முனையில் கூம்பு இருந்து, நட் அதை இறுக்கிப் பிடித்தால் ஃபிளேர். அதிலும் ஏஎன் (AN என்ற அமெரிக்க ஃபிட்டிங் அளவுமுறை) வகைக் கூம்பின் கோணம் 37 டிகிரி. பிரேக் லைன்களில் வரும் 45 டிகிரிக் கூம்பை இதோடு சேர்த்து இறுக்கினால் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு கசியும். மரையே உள்ளே போகப் போகப் பருத்துக்கொண்டே வந்தால் அது டேப்பர் மரை.

அடுத்தது மரையின் வெளி விட்டம். ஆண் மரை எப்போதும் பெயரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். 9.8 முதல் 9.9 மி.மீ. வந்தால் எம்10 (10 மி.மீ. மெட்ரிக் மரை), 11.8 வந்தால் எம்12. ஏஎன்-3 என்றால் 3/8 இஞ்ச், இஞ்சுக்கு 24 மரை, வெர்னியரில் 9.4, 9.5 என்று வரும். ஏஎன்-4 என்றால் 7/16 இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. அது 11 மி.மீ.யை ஒட்டி வரும். ஏஎன் எண்ணை 1/16 இஞ்சுக் கணக்கில் படிக்க வேண்டும்: ஏஎன்-4 என்பது கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல் குழாய்க்கான சைஸ், ஏஎன்-3 ஒன்றரை நூல். அந்த எண் குறிப்பது குழாயின் வெளி விட்டத்தை. உள் துவாரம் அதைவிடச் சின்னது. டெஃப்லான் ஹோஸில் ஏஎன்-4 உள்ளே சுமார் 4.8 மி.மீ., ஏஎன்-3 சுமார் 3.2 மி.மீ. தான் இருக்கும்.

விட்டத்தோடு நிறுத்திவிடக் கூடாது. எல்லோரும் சறுக்கும் இடம் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. கேஜின் பல்லை மரையில் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சரியான பல் என்றால் ஒரு கீற்று வெளிச்சம்கூடத் தெரியாது. தப்பான பல் முதல் இரண்டு மரையில் பொருந்துவது போலவே இருக்கும். நான்காவது, ஐந்தாவதில் வெளிச்சம் கசியும். கேஜ் இல்லையென்றால் ஐந்து பிட்ச் நீளத்தை வெர்னியரில் அளக்கலாம்: 1.0 பிட்ச் என்றால் 5 மி.மீ., 1.25 என்றால் 6.25, 1.5 என்றால் 7.5.

ஏமாற்றும் ஜோடிகள் சில உண்டு. 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) மரையின் வெளி விட்டம் 9.73 மி.மீ.; எம்10 × 1.0 (10 மி.மீ. விட்டம், 1.0 பிட்ச்) என்று நினைத்து அதைத் திருகினால் லொடலொடவென்று சில சுற்று ஏறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். 1/8 என்பிடியும் (அமெரிக்கக் குழாய் மரை) 1/8 பிஎஸ்பியும் இன்னும் மோசம்: ஒன்று இஞ்சுக்கு 27 மரை, மற்றது 28. பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையிலிருந்து எண்ணெய் எடுப்பவர்கள் இதை இரண்டு முறை சோதிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பிளாக்கின் மரை போனால் லைனை மாற்றித் தப்பிக்க முடியாது. அதேபோல கேரட் (Garrett) கம்பெனியின் ஜிடி28ஆர், ஜிடி30ஆர், ஜிடி35ஆர் பால் பேரிங் டர்போக்களின் ஆயில் வாயில் 7/16 இஞ்ச்தான், ஆனால் இஞ்சுக்கு 24 மரை. கூம்பும் துளைக்குள்ளே தலைகீழாக உட்கார்ந்திருக்கும். விட்டத்தை மட்டும் அளந்தவர் "ஏஎன்-4" என்று எழுதி வைப்பார். அதற்கு 20 மரை. ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போவின் ஆயில் வாயில் எம்12 × 1.5.

இனி துளை. லைனில் எண்ணெய் கடக்கும் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள்: பேஞ்சோ போல்ட்டின் நடு ஓட்டை, அதன் பக்கவாட்டு ஓட்டை, அடாப்டர், ஹோஸ் முனையின் உட்புறம். டிரில் பிட்டைத் திருப்பி, வழவழப்பான தண்டுப் பக்கத்தை உள்ளே விடுங்கள். எது தடையில்லாமல் போகிறதோ, அதற்கடுத்த பெரியது எங்கே நிற்கிறதோ, அவை இரண்டுக்கும் நடுவில்தான் அளவு. கூர்ப்பக்கத்தை விட்டுத் துழாவாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

ஜர்னல் பேரிங் டர்போ ஒன்று வந்தது. தண்டு நீலம் பாரித்து, புஷ் ஒட்டிக்கொண்டிருந்தது. லைன் ஏஎன்-4, புதிது, மரையெல்லாம் சரி. இன்ஜின் பக்கத்து பேஞ்சோ போல்ட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் ஊசிக்கண் அளவுக்கு ஓர் ஓட்டை. 1 மி.மீ. பிட் போனது, 1.1 போகவில்லை. பால் பேரிங் டர்போவுக்கான கிட்டிலிருந்து யாரோ எடுத்துப் போட்ட போல்ட் அது. ஜர்னல் பேரிங்கில் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது, அதற்கு எண்ணெய் தாராளமாக வேண்டும். கால் இஞ்ச் துவாரம் வரை போகலாம். பால் பேரிங்குக்கு அவ்வளவு கூடாது. அதிகமானால் எண்ணெய் ஆயில் சீலைத் தாண்டிக் கசிந்து புகை வரும். அதனால்தான் அதற்குச் சுமார் 1 மி.மீ. ரெஸ்டிரிக்டர், அதாவது எண்ணெய் வரத்தைக் குறைக்கும் குறுகிய துளை. கேரட் பால் பேரிங் டர்போவின் வாயிலில், இன்ஜின் உச்ச ஆர்பிஎம்மில் 40 முதல் 45 பிஎஸ்ஐ ஆயில் பிரஷர் இருக்கும்படி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று ரெஸ்டிரிக்டரை 1.5 மி.மீ.க்குத் துளைப்பவர்கள், துளையின் பரப்பு இரண்டே கால் மடங்காகிவிடுகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

பழைய இரும்புக் குழாயை அளவுக்கு வைத்துக்கொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டர்போ பக்கம் சூட்டில் எண்ணெய் கருகி, உள்சுவரில் கரி படிந்திருக்கும். அங்கே பிட் விட்டால் துவாரம் உண்மையைவிடச் சின்னதாகக் காட்டும். இன்ஜின் பக்கத்து முனையில் அளந்து பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கரி என்று அர்த்தம். அந்தக் குழாயைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதை நான் ஏற்பதில்லை. பிய்ந்து வரும் ஒரு துணுக்கு போதும், பேரிங்கைக் கெடுக்க.

டர்போவிலிருந்து எண்ணெய் இன்ஜினுக்குத் திரும்பும் டிரெயின் லைனை இதே அளவில் வாங்கிவிடாதீர்கள். அதில் வருவது தன் எடையில் இறங்கும் நுரை எண்ணெய். ஏஎன்-10, உள்ளே அரை இஞ்சுக்குக் குறையாமல் வேண்டும்.

நீளத்துக்கு ஒரு கம்பியை, எக்ஸாஸ்ட்டைத் தொடாத வழியில் வளைத்து அளந்துகொண்டு, இன்ஜின் குலுங்க இடம் விட்டு ஆர்டர் எழுதுங்கள். எழுதும்போது முனை வாரியாக: "இன்ஜின் பக்கம் பேஞ்சோ எம்10 × 1.0, டர்போ பக்கம் ஏஎன்-4 பெண் நட், ஹோஸ் ஏஎன்-4, ரெஸ்டிரிக்டர் இல்லை." ரெஸ்டிரிக்டர் இல்லை என்பதையும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் கடைக்காரர் கையில் கிடைப்பதைக் கொடுப்பார்.

புது லைன் வந்ததும் காப்பர் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். ஃபிளேர் மரையில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அங்கே அடைப்பது கூம்பு, மரை அல்ல. டேப்பின் நூல் பிய்ந்து நேராக ரெஸ்டிரிக்டரில்தான் போய் உட்காரும். டர்போ பக்கத்தை மாட்டுவதற்கு முன், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்துவிட்டு செல்ஃப் அடித்து, லைன் முனையை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். எண்ணெய் விட்டுவிட்டு வராமல் சீராக வந்த பிறகு மாட்டினால் போதும்.