முதிய நாய்க்குப் புதுச்சேரியில் ஒரு நல்ல வீடு தேடுவது எப்படி

தெருவிலிருந்தோ கைவிட்ட வீட்டிலிருந்தோ மீட்ட நாய்க்கு ஏழெட்டு வயது தாண்டிவிட்டால் தத்தெடுக்க வருபவர்கள் குறைந்துவிடுகிறார்கள். நம் நாட்டு நாய்கள் நல்ல பராமரிப்பில் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை என்பதால், முகவாய் நரைத்த நாய்க்கும் இன்னும் பல ஆண்டுகள் மிச்சமிருக்கலாம் என்பதை மனத்தில் வைத்தே தேடத் தொடங்க வேண்டும்.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடமோ அழைத்துச் சென்று, உண்ணிக் காய்ச்சலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்து, பல், மூட்டு, இதயம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதான நாயின் கண்ணில் தெரியும் நீலப் புகைச்சல் எப்போதும் கண்புரையாக இருப்பதில்லை. அதையும் மருத்துவரே பிரித்துச் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகிய விவரங்களோடு நாயின் குறைகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதிவிடுங்கள். இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கும் என்றால் அதையும் எழுதுங்கள். ஒரு குறையை மறைத்துக் கொடுத்தால் நாய் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அப்படித் திரும்பி வரும் முதிய நாய் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்க்க மனம் தாங்காது.

வீட்டின் அளவைவிட, பகலில் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பணி ஓய்வு பெற்ற தம்பதியர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் ஆகியோரை முதலில் கேளுங்கள். மாடி வீடு என்றால், 18 கிலோ எடையுள்ள நாய் படியேற முடியாத நாளில் அதை யார் தூக்குவார்கள் என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடமும் பேசியாக வேண்டும்.

நாயுடன் நேரில் சென்று பார்க்காமல் எந்த வீட்டையும் முடிவு செய்யக் கூடாது. மணி என்ற எங்கள் நாயை லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றபோது, வழவழப்பான டைல்ஸ் தரையைக் கண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டது. முன்னங்காலை வைத்துப் பார்த்தது, வழுக்கியதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. வீட்டு அம்மாள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இரண்டு கோணிச் சாக்குகளைக் கொண்டுவந்து வாசலிலிருந்து கூடம்வரை விரித்தார். அந்தச் சாக்கின் மேலேயே நடந்து வந்து, அவர் காலடியில் படுத்துக்கொண்டது மணி. நாங்கள் எழுதிவைத்திருந்த கேள்விகளில் பாதிக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

மழைக்காலத்தைப் பற்றியும் கேளுங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கும் கடலூர்ப் பக்கமும் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட இரவில் நாய்க்கு உலர்ந்த இடம் எது என்பதற்கும், தீபாவளி வெடிச்சத்தத்தின்போது யார் அதன் பக்கத்தில் இருப்பார்கள் என்பதற்கும் தெளிவான பதில் வேண்டும்.

நாயை ஒரே நாளில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று முறை போய்வந்த பிறகு இரண்டு வாரம் சோதனையாகத் தங்கவிடுங்கள். அது படுத்துப் பழகிய போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். பழைய உணவோடு புதிய உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றச் சொல்லுங்கள். பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடக்கூடும் என்பதால், தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டை முதல் நாளிலிருந்தே வேண்டும். மூட்டுவலிக்கு மனிதர்களுக்கான பாராசிட்டமாலையோ இபுபுரூஃபெனையோ கொடுக்கக் கூடாது, அவை நாய்க்கு நஞ்சாகிவிடும் என்பதை வாயாலும் சொல்லி, எழுதியும் கொடுங்கள்.

மருத்துவச் செலவை யார் ஏற்பது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதையெல்லாம் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுங்கள். கடைசிக் காலத்தில் எந்த மருத்துவரை அழைப்பது, எங்கே புதைப்பது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். லாஸ்பேட்டை அம்மாளிடம் நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, தோட்டத்துக் கறிவேப்பிலை மரத்தடியில் இடம் இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். மணியின் தடுப்பூசி அட்டையை அப்போதே அவர் கையில் கொடுத்தேன்.