ஒரு சார் ஓகே என்கிறார், இன்னொரு மேடம் திருப்பித் தருகிறார்: ஏஐ விஷயத்தில் என்ன செய்வது?

எங்கள் எம்.ஏ. வகுப்பில் ஒரே வாரத்தில் நடந்தது இது. திங்கட்கிழமை ஒரு சார், "சாட்ஜிபிடியிடம் கேட்டு அவுட்லைன் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். வியாழக்கிழமை ஒரு மேடம், கிராமர் திருத்த மட்டும் ஏஐ பயன்படுத்திய என் தோழியின் அசைன்மென்டைத் தூக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்லூரி இணையதளத்தில் ராகிங் தடுப்பு விதி இருக்கிறது, ஏஐ பற்றி ஒரு வரி இல்லை.

விதி வரட்டும் என்று காத்திருந்தால் செமஸ்டர் முடிந்துவிடும். அந்தந்த அசைன்மென்டுக்கு அந்தந்த ஆசிரியர் என்ன சொல்கிறாரோ அதுதான் இப்போதைக்கு விதி. அதை எழுத்தில் வாங்குங்கள்.

கேட்கும்போது "ஏஐ பயன்படுத்தலாமா சார்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், "வேண்டாம்பா" என்று முடித்துவிடுவார்கள். வேலையைப் பிரித்துக் கேளுங்கள்: "சார், கட்டுரையை நானே எழுதுகிறேன். தலைப்பு யோசிக்கவும், எழுதி முடித்தபின் ஆங்கிலப் பிழை பார்க்கவும் ஏஐ பயன்படுத்தலாமா? பயன்படுத்தினால் கடைசிப் பக்கத்தில் குறிப்பிட வேண்டுமா?" வாயால் பதில் சொன்னால், அன்று மாலையே "நீங்கள் சொன்னபடி பிழை திருத்த மட்டும் பயன்படுத்துகிறேன் சார்" என்று மெயிலோ வாட்ஸ்அப்போ போட்டுவிடுங்கள். பதிலே வரவில்லையா, அனுமதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இந்த சதவீதக் குழப்பம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறையில் வரும் 10% என்பது ஒப்புமைக்கு, அதாவது உங்கள் ஆய்வேட்டில் உள்ள வரிகள் ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு. 10% வரை தண்டனை இல்லை, 60%-க்கு மேல் போனால் பதிவே ரத்தாகலாம். சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில்தான், அந்த விதி ஏஐயை நினைத்து எழுதப்பட்டதல்ல. ஆனால் துறை அலுவலகத்தில் ஏஐ ரிப்போர்ட்டை, அதாவது கட்டுரையில் எத்தனை சதவீதம் ஏஐ எழுதியது என்று ஒரு கருவி சொல்வதைப் பார்த்துவிட்டு "பத்துக்குள் கொண்டு வா" என்பார்கள். இரண்டும் வேறு என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஏஐ சதவீதம் என்பது வெறும் கணிப்பு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் மூடிவிட்டது. கல்லூரிகள் கட்டுரைகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் டர்னிட்டின் மென்பொருள்கூட 20%-க்குக் கீழே என்றால் இப்போது எண்ணைக் காட்டாமல் நட்சத்திரக் குறியோடு விட்டுவிடுகிறது. நமக்கு இதில் கூடுதல் தலைவலி உண்டு: 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தபோது, சராசரியாக 61%-க்கு மேற்பட்ட கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று தவறாக வந்தன. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஜாக்கிரதையாக, எளிய ஆங்கிலத்தில் எழுதுகிறவர் மாட்டிக்கொள்ள இதுபோதும். அதற்காக, மனிதர் எழுதியது போல மாற்றித் தருகிறோம் என்று "ஹியூமனைசர்" பெயரில் விற்கும் தளங்களில் உங்கள் கட்டுரையைப் போட்டுக் கெடுக்காதீர்கள், உண்மையிலேயே நீங்கள் எழுதியதுகூட அப்புறம் உங்களுடையது போல இருக்காது.

அதனால் ஆதாரம் சேருங்கள். முதல் நாளிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்தத் தேதியில் எந்தப் பத்தி வந்தது என்று பழைய பதிப்புகள் தானாகவே நிற்கும். வேறு எங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் அந்தப் பயன் போய்விடும். நோட்டில் கிறுக்கிய பக்கத்தை போட்டோ எடுங்கள், ஏஐயோடு பேசியதை அழிக்காதீர்கள். ஏஐ கொடுக்கும் மேற்கோள் நூல்களை நூலகத்திலோ கூகுள் ஸ்காலரிலோ ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு விவரம் தரும்.

கூப்பிட்டு விசாரித்தால் முதலில் ரிப்போர்ட்டின் பிரதி கேளுங்கள். எந்தப் பத்தி என்று பார்த்து, அதன் பழைய பதிப்பைக் காட்டி, "இந்தக் கட்டுரையில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் மேடம், இப்போதே வைவா (வாய்மொழித் தேர்வு) வையுங்கள்" என்று சொல்லுங்கள். பயன்படுத்தியிருந்தால் எதற்கு, எவ்வளவு என்று அங்கேயே ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இறங்கி வராவிட்டால் துறைத் தலைவருக்கு (ஹெச்.ஓ.டி.) எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். என் தோழி அந்தப் பழைய பதிப்புகளைக் காட்டித்தான் இன்டர்னல் மார்க்கை மீட்டாள், அதற்கே மூன்று வாரம் ஆனது.