மரம் மட்டும் மலிவைத் தராது: கூட்டுக் குடியிருப்பு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்சிலோனாவின் சான்ட்ஸ் பகுதியில், கான் பட்லோ என்ற பழைய நெசவாலை வளாகத்தை ஒட்டி லா போர்தா என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. 28 வீடுகள். தரைத்தளம் கான்கிரீட், அதற்கு மேல் மரம். கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து அதைக் கட்டி 2018இல் குடியேறிய உறுப்பினர்கள் சந்தை வாடகையைவிடக் குறைவாகக் கொடுத்து வாழ்கிறார்கள். படங்களைப் பார்ப்பவர்கள், மரத்தில் கட்டியதால்தான் செலவு குறைந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய, சி.எல்.டி. எனப்படும் கனமான மரப் பாளங்கள் பல நாடுகளில் கான்கிரீட்டைவிட விலை கூடியவை. லா போர்தாவில் மிச்சம் பிடித்தது வேறு இடங்களில். நிலத்தை வாங்கவில்லை, மாநகராட்சியிடமிருந்து 75 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலத்தடி வாகன நிறுத்தம் வேண்டும் என்ற விதியைத் தளர்த்தச் சொல்லி அதை நீக்கினார்கள். துணி துவைக்கும் அறையும் விருந்தினர் அறைகளும் எல்லாருக்கும் பொது. மரம் தந்த லாபம் வேறு: கட்டடத்தின் எடை குறைவு, வேலை வேகம், கரிமச் சேமிப்பு. ஒரு கன மீட்டர் ஊசியிலை மரத்தில் சுமார் 800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான கரிமம் அடங்கியிருக்கிறது.

மரமும் கூட்டு வாழ்க்கையும் உண்மையில் முட்டிக்கொள்வது அடுத்த தவற்றில்தான். கான்கிரீட் கட்டடத்தில் ஒரு குழாய்க்கு வழி மறந்துபோனால் கொத்தனார் உளியை எடுப்பார். அரை நாளில் முடியும். மரப் பாளத்திலோ ஜன்னல், கதவு, குழாய்த் துளை எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே கணினி இயந்திரம் வெட்டிவிடுகிறது. வரைபடம் தொழிற்சாலைக்குப் போன பிறகு மனம் மாறினால் காசு கொட்டும். கூட்டாக முடிவெடுக்கும் குழுவோ மாதா மாதம் மனம் மாறும், அதுதானே கூட்டம்! ஆகவே இந்தத் தேதிக்குப் பிறகு சுவரைத் தொடக்கூடாது என்று கட்டட வல்லுநரை அமர்த்தும்போதே எழுதிவைக்க வேண்டும். லா போர்தாவில் வீடுகளின் உட்புறத்தை அடிப்படை வசதிகளோடு மட்டும் ஒப்படைத்தார்கள். மீதியை அவரவர் பிறகு செய்துகொள்ளலாம். மனமாற்றங்களுக்கு அதுவே இடம் கொடுத்தது. செலவும் குறைந்தது.

நெருப்பைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கனமான மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் ஆழம்தான் கரிந்துகொண்டு போகும். அந்தக் கணக்கைச் சேர்த்தே பாளத்தின் தடிமனைத் தீர்மானிக்கிறார்கள். குழாய் செல்லும் துளைகளை அடைக்காமல் விடுவதே அங்கே ஆபத்து. ஈரம் அப்படியல்ல, அது சத்தமில்லாமல் வேலை செய்யும். தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 12 சதவீத ஈரப்பதத்தோடு வரும் பாளம் 20 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் கிடந்தால் பூஞ்சைக்கு விருந்து. மழையில் நனைந்த பாளத்தைக் காயவிடாமல் பிளாஸ்டிக் படலத்தால் மூடுவது, குளியலறைகளை மாடிக்கு மாடி வெவ்வேறு மூலையில் வைப்பது, குழாய்களைத் திறந்து பார்க்கக் கதவு வைக்காமல் சுவருக்குள் புதைப்பது, மூன்றும் ஈரத்தை ஒளித்துவைக்கும் வழிகள். மரத்தைத் தரை ஈரம் தொடாமல் தூக்கி நிறுத்த வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. பழைய திண்ணை வீடுகளில் மரத்தூணின் அடியில் ஒரு கல் இருக்கும். கரையான் உள்ள ஊரில் இது இரட்டிப்பு அவசியம்.

சத்தமும் ஒரு தலைவலி. மரத்தளம் எடை குறைந்தது. மேல்வீட்டுக் குழந்தை ஓடினால் கீழே தூக்கம் கலையும். தளத்தின் மேல் சரளை போன்ற கனமான அடுக்கும் அதிர்வைத் தாங்கும் மெத்தையும் வேண்டும். பணம் போதாதபோது முதலில் வெட்டுவது இதைத்தான். பிறகு ஆண்டுக்கணக்கில் பஞ்சாயத்து.

கடைசியாக, வீட்டுக்கு மாதாமாதம் பணம் செலுத்தும் முறை. எல்லாருக்கும் ஒரே தொகை என்று வைத்தால் வருமானம் குறைந்தவர் முதலில் வெளியேறுவார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மரச்சட்டத்துக்குள் வைக்கோல் அடைத்த சுவர்களால் 20 வீடுகள் கட்டி 2013இல் குடியேறிய லைலாக் குழு, ஒவ்வொரு குடும்பமும் நிகர வருமானத்தில் 35 சதவீதம் கட்டுவது என்று வைத்துக்கொண்டது. சம்பளம் குறைந்தால் கட்டும் தொகையும் குறையும். இந்த ஏற்பாட்டைச் சுவர் எழும்பிய பிறகு பேசினால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.